சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

வார்டு நர்ஸுகளுக்குச் சர்க்கரை நோய்ப் பராமரிப்பு கற்றுக்கொடுக்கக் கிளம்பும் இன்சார்ஜ் சிஸ்டர் முதலில் கணையப் படத்தை மூடி வைக்கட்டும். அது படிப்பிலேயே முடிந்த பாடம். தடுமாற்றம் மருந்து டிராலிக்குப் பக்கத்தில்தான். வகுப்பும் அங்கேயே, ஷிஃப்ட் மாறும்போது, நின்றபடி 10 நிமிடம்.

சிரிஞ்சில் தொடங்க வேண்டும். இந்தியாவில் இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட்டிலும் வருகிறது, 100 யூனிட்டிலும் வருகிறது. முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, அடுத்ததற்கு ஆரஞ்சு மூடி. எல்லோருக்கும் தெரியும்தான். ஆனால் ராத்திரிச் சாப்பாடு வந்து, ஆறு பேர் ஊசிக்குக் காத்திருக்க, சிவப்பு மூடி தீர்ந்திருந்தால் கை தானாக ஆரஞ்சுக்குப் போகும்.

அதனால் சொல்லிக்கொடுத்தால் போதாது, கண்ணால் பார்க்க வைக்க வேண்டும். இரண்டு சிரிஞ்சிலும் 10 யூனிட் கோடு வரை சலைன் எடுத்து கிட்னி டிரேயில் தனித்தனியாக விடச் சொல்லுங்கள். ஒன்று கால் மில்லி, மற்றது 0.1 மில்லி. பிறகு கணக்கு: 100 குப்பியில் சிவப்பு மூடி சிரிஞ்சைப் போட்டால் 10 என்பது 25 ஆகிவிடும், சர்க்கரை சரிந்து நோயாளி வியர்த்துக் கொட்டுவார். 40 குப்பியில் ஆரஞ்சு மூடியைப் போட்டால் போவது 4 யூனிட்தான். இதுதான் அதிகம் பயப்பட வேண்டிய தவறு. உடனே எதுவும் தெரியாது. சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். மறுநாள் இன்னொரு சிஸ்டர் சரியான சிரிஞ்சில் போடும்போது நோயாளி மயங்கி விழுவார்.

மருந்தின் பெயரை வைத்து ஊகிக்கவும் கூடாது. கிளார்ஜினிலேயே இரண்டும் உண்டு. லேபிளில் உள்ள எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இரண்டு வகை சிரிஞ்சும் ஒரே டிரேயில் இருக்கவே கூடாது.

மற்றவை சுருக்கம். குப்பியைத் திறந்த தேதியை எழுதுங்கள். கலங்கல் இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டுங்கள். ஆரஞ்சுச் சுளை உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் குளுக்கோமீட்டர் இல்லாத சர்க்கரையைக் காட்டும். ரெகுலர் இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். ஆனால் சாப்பாடு வருவது உறுதியான பிறகே.

சர்க்கரை 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. டாக்டரைக் கூப்பிட்டு, நரம்பு வழியே டெக்ஸ்ட்ரோஸ்.

ஒரு மாதம் கழித்து வினாத்தாள் வேண்டாம். அதே இரண்டு சிரிஞ்சு, அதே கிட்னி டிரே. புதிதாகச் சேர்ந்தவர் முதலில் எடுக்கட்டும். பக்கத்தில் நிற்பவர் லேபிளைப் படித்துச் சரிபார்க்கட்டும்.