4.4 வீதம் யாருடைய வீதம்?

ஒவ்வோராண்டும் செப்டெம்பர் கடைசியில் சுவிஸ் மத்திய அரசு ஒரு வீதத்தை அறிவிக்கும். அடுத்த ஆண்டுக்கான மருத்துவக் காப்புறுதிக் கட்டுப்பணம் நாடு முழுவதும் சராசரியாக எவ்வளவு கூடுகிறது என்பதே அது. 2023க்கு 6.6, 2024க்கு 8.7, 2025க்கு 6, 2026க்கு 4.4. அனலைதீவு, புங்குடுதீவு, வேலணை என்று தீவகத்தில் இருந்து போய் அங்கே வேரூன்றிவிட்ட குடும்பங்களிலும் அன்றைக்கு அதுதான் பேச்சு. அரசாங்கம் கூட்டிப்போட்டுது, எல்லாருக்கும் அதே அளவு கூடும், வருத்தக்காரரிடம் இன்னும் கூட அறவிடுவார்கள், பழைய கம்பனியை விட்டால் இவ்வளவு காலமும் கட்டின காசு வீண் என்ற நம்பிக்கைகளும் அந்தப் பேச்சோடு சேர்ந்தே ஓடும். எல்லாம் பிழையான நம்பிக்கைகள். கட்டுப்பணம் என்பது வருத்தத்தின் விலை என்று எண்ணுவதில் இருந்தே இவை பிறக்கின்றன. மருத்துவச் செலவில் எந்தப் பங்கை யார் கொடுப்பது என்று அந்தந்த மாநிலத்தில் செய்துகொண்ட பங்கீடுதான் கட்டுப்பணத்தைப் பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது.

ஊரை வைத்தே இதைப் பார்க்கலாம். அனலைதீவு வைத்தியசாலையில் மருந்தெடுப்பவர் காசு கட்டுவதில்லை. அவசரம் என்றால் படகில் ஊர்காவற்றுறைக்கும் அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் கொண்டுபோவார்கள். அங்கேயும் கட்டணம் இல்லை. அதற்காகச் செலவே இல்லை என்றாகாது. வரிப்பணத்தில் இருந்து போவதால் அது எவர் கண்ணிலும் படுவதில்லை. சுவிசில் அதே செலவில் ஒரு பங்கு மாநில வரியில் இருந்தும், மற்றது ஆளுக்கு இவ்வளவு என்று வீட்டுக்கு வரும் கட்டுப்பணத்தில் இருந்தும் போகிறது. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு மாநிலம் குறைந்தது 55 வீதம் கொடுக்க வேண்டும், மிகுதி காப்புறுதியின் பொறுப்பு. தங்காமல் பெறும் சிகிச்சை முழுவதும் காப்புறுதியின் தலையில்தான். முன்பு இரண்டு மூன்று நாள் படுத்திருந்து செய்த சத்திரசிகிச்சை இன்று காலையில் போய் மாலையில் வீடு திரும்புகிற அளவுக்கு வந்துவிட்டது. மொத்தச் செலவு குறைந்தாலும் மாநிலத்தின் பங்கு இல்லாமற்போவதால் கட்டுப்பணத்தின் சுமை ஏறுகிறது. இந்த முரணை நீக்கத்தான் 2024 நவம்பர் வாக்கெடுப்பில் மக்கள் இரண்டு வகைச் சிகிச்சைக்கும் ஒரே மாதிரியான பங்கீட்டை ஏற்றார்கள். அது 2028இல் நடைமுறைக்கு வரும்.

இதற்குச் சுக் மாநிலத்தைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நாடெங்கும் 4.4 வீதம் கூடிய 2026இல் அங்கே கட்டுப்பணம் 14.7 வீதம் குறைந்தது. சுக் மக்களுக்கு அந்த ஆண்டு வருத்தம் வராது என்று யாரும் கணிக்கவில்லை. வரி வருமானம் கொழிக்கும் அந்த மாநிலம் மருத்துவமனைச் செலவில் 99 வீதத்தைத் தானே ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். அதே ஆண்டு திச்சினோ மாநிலத்தில் 7.1 வீதம் கூடியது. 393.30 பிராங் என்று சொல்லப்பட்ட மாதச் சராசரியும் குழந்தை, இளையோர், பெரியோர் எல்லாரையும் சேர்த்துப் பிரித்ததுதான். பெரியவருக்கு மட்டும் எடுத்தால் 465.30, பிள்ளைக்கு 122.50. ஆக, அந்த 4.4 வீதம் கணக்கில் மட்டுமே இருக்கிறது. உங்கள் கையில் கிடைக்கும் கடிதத்தில் அனேகமாக வேறோர் எண்தான் இருக்கும்.

அரசாங்கம் கூட்டிவிட்டது என்பதும் பாதி உண்மைகூட இல்லை. கட்டுப்பணத்தைக் கணக்கிடுவது கம்பனி. அதைச் சரிபார்த்து அனுமதிப்பது மத்திய சுகாதார அலுவலகம். அடிப்படைக் காப்புறுதியில் கம்பனி இலாபம் எடுக்கவும் சட்டம் விடாது. 2022இல் சராசரி 0.2 வீதம் இறங்கியதே என்று கேட்கலாம். கம்பனிகள் தம்மிடம் குவிந்திருந்த சேமநிதியைக் குறைத்ததும் அந்த இறக்கத்துக்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டே 6.6 வீதம் ஏறியது.

வருத்தக்காரருக்குக் கூடும் என்ற அச்சம்தான் ஆகப் பெரிய நட்டத்தைத் தருகிறது. 1996இல் நடைமுறைக்கு வந்த காப்புறுதிச் சட்டத்தின்படி அடிப்படைக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கும் எவரையும் கம்பனி மறுக்க முடியாது. நீரிழிவு இருக்கிறதா, இருதயத்தில் கோளாறா என்று கேட்கவும் முடியாது. 18 வரை, 19 முதல் 25 வரை, 26இல் இருந்து மேலே என்று மூன்று வயதுப் பிரிவுகள்தான். ஒரே மாநிலத்தில், ஒரே கட்டுப்பண வலயத்தில், ஒரே கம்பனியில், ஒரே திட்டத்தில் இருக்கும் முப்பது வயதுக்காரரும் எண்பது வயதுக்காரரும் ஒரே தொகைதான் கட்டுகிறார்கள். இருபது வருடம் ஒரே இடத்தில் கட்டினோம் என்பதற்கும் மதிப்பேதும் இல்லை. இது சீட்டல்ல, கழிவோடு எடுப்பதற்கும் கடைசிவரை காத்திருப்பதற்கும். சேர்வது ஒன்றும் இல்லாதபோது விட்டுப்போவதால் இழப்பதும் இல்லை. கூடக் கட்டினால் நல்ல வைத்தியம் என்பதற்கும் அடிப்படை இல்லை, எந்தக் கம்பனியானாலும் ஈடுசெய்யும் சிகிச்சைகளின் பட்டியல் சட்டத்தால் ஒன்றே.

மலிவான கம்பனிக்கு மாறினால் அடுத்த வருடம் அதுவும் கூட்டும் என்பார்கள். நியாயமான பேச்சுத்தான், பலமுறை அப்படி நடந்தும் இருக்கிறது. அப்போது மறுபடியும் மாறலாம் என்பதே பதில், ஆண்டுதோறும் அதற்கு உரிமை உண்டு. சேவை ஒரே மாதிரி இல்லை என்பதும் சரிதான். சில கம்பனிகளில் மருந்துக் கடைக் காசை முதலில் நாமே கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டும், மாத வருமானம் இறுக்கமான வீட்டுக்கு அது பெரிய விடயம். பிரான்சீஸ் என்கிற ஆண்டுச் சுயபங்கை 2500க்கு உயர்த்தினால் இலாபம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன். 300இல் இருந்து 2500க்குப் போனால் சட்டம் அனுமதிக்கும் ஆகக்கூடிய கழிவு வருடத்துக்கு 1540 பிராங். வருடச் செலவு ஏறத்தாழ 2000 பிராங்கைத் தாண்டினால் அந்த இலாபம் கரைந்துவிடும். நாள்பட்ட வருத்தம் உள்ளவருக்கு 300தான் நல்லது.

வருமானத்தில் 10 வீதத்துக்கு மேல் கட்டுப்பணம் போகக்கூடாது என்ற முன்மொழிவை 2024 ஜூனில் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். ஆனாலும் குறைந்த வருமானக்காரருக்குக் கட்டுப்பணத்தில் ஒரு பங்கை அரசு கொடுக்கும் உதவி எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. சில மாநிலங்களில் அது தானாக வரும், சிலவற்றில் திகதிக்குள் விண்ணப்பிக்காவிட்டால் வராது. உங்கள் மாநிலம் எந்த வகை என்று உள்ளூராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கம்பனி மாற விரும்புவோர் கட்டுப்பண நிலுவையை முதலில் தீர்க்க வேண்டும், நிலுவை உள்ளவரை விடமாட்டார்கள். பல்லுக்கும் தனியறைக்கும் எடுத்த மேலதிகக் காப்புறுதியின் சட்டம் வேறு. அங்கே வருத்தத்தைக் காட்டி மறுக்கலாம், ஆகவே புதியது எழுத்தில் கிடைக்கும்வரை பழையதை நிறுத்த வேண்டாம். அடிப்படைக் காப்புறுதியை நிறுத்தும் கடிதம் நவம்பர் மாதத்தின் கடைசி வேலைநாளுக்குள் கம்பனியின் கையில் இருக்க வேண்டும். தபால் முத்திரையின் திகதி செல்லாது, பதிவுத் தபாலில் ஒரு கிழமை முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.