அட்டைக் கணினியுடன் தொடர்பு அறுகிறதா? செருகியைப் பிடுங்காதீர்கள்!

ராஸ்பெர்ரி பை என்னும் அட்டைக் கணினியைத் திரையோ விசைப்பலகையோ இல்லாமல், மடிக்கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாக இயக்குவது வழக்கம். சில நாள்களில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வர இரண்டு விநாடி ஆகும். பிறகு தொடர்பே அறுந்துவிடும். உடனே பலர் மின்செருகியைப் பிடுங்கிவிடுகிறார்கள். நினைவக அட்டையில் எழுதும் வேலை நடக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் சிதையலாம். பல வாரங்களாகச் சேர்த்த வெப்பநிலைப் பதிவுகள் அதோடு போய்விடும். ஆகவே, முதலில் காரணத்தைத் தேடுங்கள்.

1. கோளாறு எந்தப் பக்கம்?

மடிக்கணினியிலிருந்து ‘பிங்’ கட்டளையை முதலில் உங்கள் வீட்டு ரவுட்டருக்கும், பிறகு அட்டைக் கணினிக்கும் அனுப்புங்கள். ரவுட்டரின் பதிலே தாமதமானால் கோளாறு மடிக்கணினியிலோ வைஃபையிலோ இருக்கிறது. ரவுட்டர் சில மில்லிவிநாடிகளில் பதில் தந்து, அட்டைக் கணினி மட்டும் நூற்றுக்கணக்கான மில்லிவிநாடிகள் எடுத்துக்கொண்டால் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

2. வைஃபையா, கணினியா?

அட்டைக் கணினியை லேன் கம்பியால் ரவுட்டருடன் இணையுங்கள். தாமதம் மறைந்தால் குற்றவாளி வைஃபைதான். மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபை சில்லு இடையிடையே கண்ணயரும். அதனால் பதில் ஒருமுறை விரைவாகவும் மறுமுறை மெதுவாகவும் வரும். இந்த மின்சேமிப்பை ‘ஐடபிள்யூ’ கட்டளையால் நிறுத்தலாம். ஆனால் கணினியை மறுபடி தொடங்கினால் அது பழைய நிலைக்குத் திரும்பும். பலன் தெரிந்தால் பிணைய அமைப்பில் நிரந்தரமாக்குங்கள். யூ.எஸ்.பி. 3 வட்டு அருகில் இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள். அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும். ரவுட்டரும் கணினியும் 5 கிகாஹெர்ட்ஸை ஏற்குமானால் அதற்கு மாறுங்கள்.

3. மின்சாரம் போதுமா?

கம்பியிலும் தாமதம் நீடித்தால் மின்னூட்டியைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் மின்னூட்டி பரிந்துரைக்கப்படுகிறது. மெல்லிய கம்பியின் மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 3 ஆம்பியர் ஓடும்போது 0.6 வோல்ட் கம்பியிலேயே இழக்கப்படும். கணினிக்குச் சேர்வது 4.5 வோல்ட்தான். ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே அது குறைமின்னழுத்த எச்சரிக்கையைப் பதிவு செய்யும்.

‘விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு’ கட்டளை இதைக் காட்டிக்கொடுக்கும். பதில் பூஜ்யமானால் குறையில்லை. 50005 என்றால் இப்போதே மின்னழுத்தம் குறைந்து, வேகமும் குறைக்கப்பட்டுள்ளது. 50000 என்றால் கணினி தொடங்கியபின் எப்போதோ அப்படி நடந்து, இப்போது சரியாகிவிட்டது என்று பொருள். நம் நாட்டு வெப்பத்தில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் வைத்த கணினி 80 டிகிரி செல்சியஸை நெருங்கினாலும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

4. சும்மா இருக்கும்போது மட்டும் அறுகிறதா?

வேலை செய்யும்போது நன்றாக இருந்து, சற்று நேரம் விட்டுவைத்தால் மட்டும் தொடர்பு போனால், இடையிலுள்ள ஏதோ ஒரு கருவி அசைவற்ற இணைப்பை மறந்துவிடுகிறது. மடிக்கணினியின் எஸ்.எஸ்.எச். அமைப்பில் ‘சர்வர்அலைவ்இன்டர்வல்’ என்பதற்கு 60 கொடுங்கள். எதிர்முனையிலிருந்து எதுவும் வராவிட்டால், நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறாயா?’ என்று அது கேட்டுக்கொள்ளும்.

நீண்ட வேலைகளை ‘டிமக்ஸ்’ செயலிக்குள் தொடங்குங்கள். தொடர்பு அறுந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்; மீண்டும் நுழைந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ‘பிங்’ அளவைக் குறித்து வையுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், பலன் தந்தது எது என்று தெரியாது. கணினியை நிறுத்தியே ஆகவேண்டுமானால், முதலில் லேன் கம்பி வழியே நுழைந்து பதிவுகளைப் படியெடுங்கள். பிறகு ‘ஷட்டவுன்’ கட்டளை கொடுங்கள். செருகியைக் கடைசியாகக் கழற்றுங்கள்.