கர்ப்பமும் லூபஸும்: டாக்டரம்மா பதில்கள்

கே: கேமரன் மலை கியா பார்மில் மாமனாரின் காய்கறிக் கடையில் இருக்கிறேன். நாலு வருஷமாக லூபஸ். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தேன். இப்போது மூன்று மாதம். "மாத்திரை சூடு, பிள்ளைக்கு ஆகாது" என்று அத்தை சொன்னதால் போன மாதமே நிறுத்திவிட்டேன். உடம்பு ஒன்றும் செய்யவில்லை. சரிதானே?

ப: சரியன்று, அம்மா. இதை வாசித்ததும் உங்கள் வைத்தியருக்குச் செய்தி சொல்லி, மாத்திரையை உடனே மீண்டும் ஆரம்பியுங்கள்.

இதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பரிசோதனைக்கு வருகிற கர்ப்பிணிகளின் கைப்பையிலிருந்து, ஒரு மாத்திரைகூடப் பிதுக்கப்படாத அட்டைகள் வெளிவருவதை நான் ஓயாமல் பார்த்து வருகிறேன். ஒவ்வொரு தடவையும் மனம் பதறுகிறது. வயிற்றில் சிசு தங்கியதும் மருந்து யாவும் விஷமாகிவிடும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கருதுவது அன்பினால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் லூபஸ் உள்ள ஸ்திரீயின் கர்ப்பத்தில் சிசுவுக்கு முதல் சத்துரு அடங்காத வியாதியே. அது கிளர்ந்தெழுந்தால் தாயின் சிறுநீரகத்தைத் தாக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றி, நச்சுக்கொடிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, குறைமாதப் பிரசவத்திலோ கர்ப்பநாசத்திலோ கொண்டுபோய் நிறுத்திவிடும்.

நீங்கள் அஞ்சுகிற இந்த மாத்திரை தோட்டத்து ஜனங்களுக்கு அந்நியமானதும் அன்று. மலாயாத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சலுக்காக நம் பாட்டன் பாட்டிமார் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிய குவினைனின் வழியில் வந்ததே இது. லண்டனில் பெயின் என்னும் வைத்தியர் 1894-லேயே லூபஸுக்குக் குவினைன் கொடுத்துப் பார்த்தார். யுத்த காலத்தில் சிப்பாய்களுக்கு மலேரியாத் தடுப்பாகக் கொடுக்கப்பட்ட மெபாக்ரின் இவ்வியாதியைத் தணிப்பதை 1951-இல் பேஜ் என்பவர் எழுதினார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் வழக்கத்துக்கு வந்தது. அது முதல் எத்தனையோ தாய்மார்கள் அதை உட்கொண்டே பிள்ளை பெற்றிருக்கிறார்கள். அந்த அனுபவத்தையெல்லாம் சீர்தூக்கித்தான், லூபஸ் உள்ள கர்ப்பிணிகள், ஒவ்வாமை போன்ற தடை இல்லாதவரை, இதைத் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்று 2020-இல் அமெரிக்க வாதநோய் வைத்தியர் சங்கம் தன் நெறிமுறையில் எழுதியது.

"உடம்பு ஒன்றும் செய்யவில்லை" என்கிறீர்களே, அபாயம் அங்கேதான் இருக்கிறது. இம்மருந்து தேகத்தில் ஊறி வாரக்கணக்கில் தங்குவது; ஆகையால் நிறுத்திய மறுநாளோ மறுவாரமோ ஒன்றும் தெரியாது. மருந்தில்லாமலே சுகம் வந்துவிட்டது என்று குடும்பம் முழுவதும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது, அது வற்றி, ஐந்தாம் மாதத்திலோ ஆறாம் மாதத்திலோ மூட்டு வீங்கி, முகம் சிவந்து, சிறுநீரில் புரதம் இறங்கத் தொடங்கும். அப்போது வியாதியை அடக்க ஸ்டீராய்டைக் கூட்டிக் கொடுக்க நேருகிறதே, அதைவிட இந்தச் சிறு மாத்திரை எவ்வளவோ சாது. உடல் எடை கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படாமல் அளவைப் பார்த்துக்கொள்வதும், கண் பரிசோதனையைத் தவறவிடாமல் இருப்பதும் வைத்தியரின் பொறுப்பு. தினமும் விழுங்குவது உங்கள் பொறுப்பு. அத்தையையும் அடுத்த முறை கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பிள்ளை நலனுக்காகத் தடுத்தவர், விஷயம் விளங்கினால் அதே பிள்ளைக்காகத் தாமே மாத்திரையை எடுத்து நீட்டுவார். மூன்றாம் மாதம் முடிவதால், குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள். ஜன்னி வரை கொண்டுபோகும் கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கு அது நல்ல காப்பு.

கே: மனைவிக்கு லூபஸ். எனக்கு ஒட்டுமா? பிள்ளைக்கும் வருமா?

ப: ஒட்டாது. பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றே அதிகம். ஆயினும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. இதற்காக அவரைத் தனித் தட்டில் சாப்பிடச் சொல்லியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

கே: ரிங்லெட்டிலிருந்து எழுதுகிறேன். ஏழாம் மாதம். லூபஸ் உண்டு. கால், முகம் எல்லாம் வீக்கம், தலைவலி. "நீர் இறங்குகிறது, பிரசவமானால் வடிந்துவிடும்" என்கிறார்கள். அடுத்த பரிசோதனை இரண்டு வாரம் கழித்து. காத்திருக்கலாமா?

ப: கூடாது. பத்திரிகை உங்கள் கைக்கு வரும்முன் உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். காலில் மட்டும் மாலை வேளையில் தோன்றும் வீக்கம் வேறு; முகத்தில் வீக்கமும் தலைவலியும் சேர்ந்து வருவது வேறு. பின்னதற்கு அன்றைய தினமே ரத்த அழுத்தம் பார்த்தாக வேண்டும். 140-க்கு 90 என்ற அளவைத் தொட்டாலே அது சாதாரண விஷயமன்று. கிளினிக்கில் தாதி சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்து, அது மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறுகிறதா என்று டப்பாவின் மேலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பாரே, அந்த ஒரு நிமிஷப் பரிசோதனை இரண்டு உயிர்களைக் காப்பாற்றக்கூடியது.

புரதம் இறங்கினால் அது கர்ப்பத்தால் வந்த ரத்த அழுத்தமா, லூபஸ் சிறுநீரகத்தைப் பிடித்ததா என்று பிரித்தறிவது அனுபவமுள்ள வைத்தியருக்கே கடினம். ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்னும் புரதம் குறைந்து, சிறுநீரில் ரத்த அணுக்களும் காணப்பட்டால் லூபஸ் என்று சந்தேகிப்போம். இரண்டுக்கும் சிகிச்சை வெவ்வேறு: முதலாவது முற்றினால் பிரசவம் செய்விப்பதே பரிகாரம், இரண்டாவதற்கு மருந்தைக் கூட்டிக் கர்ப்பத்தை நீட்டிக்க முயல்வோம். ஆகவே தானா ராத்தா ஆஸ்பத்திரியில் முதலில் காட்டி, அவர்கள் ஈப்போ போகச் சொன்னால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். மழைக்காலத்தில் மலைப்பாதை எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. லூபஸ் உள்ளவர்கள் கடைசி மாதங்களை ஈப்போவில் உறவினர் வீட்டில் கழிக்க வழியிருந்தால் கழியுங்கள்.

கே: கேமரன் மலையில் எப்போதும் பனியும் குளிரும். எனக்கு வெயில் ஆகாது என்று டாக்டர் சொன்னது இங்கே பொருந்துமா?

ப: பொருந்தும், இன்னும் அதிகமாகவே. கியா பார்ம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. ஏற ஏறப் புறஊதாக் கதிர்கள் வலுக்கும், மேகமும் அவற்றை முழுக்கத் தடுக்காது. குளிர்கிறதே என்று வெயிலில் நின்று காய்வதை விடுங்கள். தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன்.

கே: மூன்று தடவை கரு கலைந்துவிட்டது. கடைசியாக ஐந்தாம் மாதம். லூபஸ் இருப்பது போன வருஷம்தான் தெரிந்தது. குலதெய்வக் குற்றம் என்று வீட்டில் பேசுகிறார்கள். எனக்கு இனிப் பிள்ளை இல்லையா?

ப: சகோதரி, உங்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. குலதெய்வத்தைக் கும்பிடுவதைக் கும்பிடுங்கள்; ஆனால் ரத்தத்தில் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று இம்மாதமே பாருங்கள். ரத்தத்தை உறையச் செய்து நச்சுக்கொடியைக் கெடுக்கும் இதனை 1983-இல் லண்டனில் கிரகாம் ஹியூஸ் என்பவர் தெளிவாக விவரித்தார். அதற்கு முன் உங்களைப் போன்ற எத்தனை பெண்கள் மலடி, ராசியில்லாதவள் என்ற பழிச்சொற்களைச் சுமந்து வாழ்ந்தார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஒருமுறை இருப்பதாகத் தெரிந்தால் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்த்து ஊர்ஜிதம் செய்வார்கள். இருந்தால் ஆஸ்பிரினோடு ஹெப்பரின் ஊசி. வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து நீங்களே போட்டுக்கொள்ளலாம், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். இச்சிகிச்சையில் பத்துப் பேரில் ஏழு பேருக்குக் குறையாமல் உயிரோடு பிள்ளை பிறக்கிறது. சோதனை முடியும்வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுங்கள்.

கே: எனக்கு ரோ எதிர்ப்பொருள் இருக்கிறதாம். குழந்தைக்கு இருதயம் நின்றுவிடும் என்று ஒருவர் சொல்லிவிட்டார். தூக்கமே இல்லை.

ப: அப்படிச் சொன்னவர் பொறுப்பில்லாமல் சொன்னார். முதல் கர்ப்பத்தில் நூற்றில் ஒன்றிரண்டு சிசுக்களுக்கே இருதயத் துடிப்பில் தடை ஏற்படுகிறது. முந்திய பிள்ளைக்கு வந்திருந்தால்தான் வாய்ப்பு கணிசமாக உயரும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அதையும் குறைக்கிறது. பதினாறாம் வாரத்திலிருந்து சிசுவின் இருதயத்தை ஸ்கேனில் பார்த்து வரும்படி கேளுங்கள். பிறந்தபின் குழந்தையின் முகத்தில் சிவந்த தடிப்பு வந்தால் வெயிலில் காட்டாதீர்கள். ஏழெட்டு மாதத்தில் தானே மறையும்.

கே: தை மாதம் கல்யாணம். சிறுநீரக லூபஸுக்கு மைக்கோபீனோலேட் சாப்பிடுகிறேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. லூபஸ் வந்தவள் பிள்ளை பெறவே கூடாது என்பது உண்மையா?

ப: உண்மையன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் 385 லூபஸ் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 81 பேருக்குப் பெரிய விக்கினமின்றிக் கர்ப்பம் நிறைவேறியது. ஆனால் அவர்கள் யாவரும் வியாதி அடங்கியோ மிதமாகவோ இருந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. உங்களுக்கு நான் இடும் கட்டளை இதுவே: மைக்கோபீனோலேட் சிசுவுக்கு ஊனம் விளைக்கும் மருந்து; கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே வைத்தியரின் மேற்பார்வையில் அதை விட்டு, அஸாதயோப்ரினுக்கு மாற வேண்டும்; அதன்மேல் வியாதி ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும்; அதுவரை கருத்தடை அவசியம், அதிலும் எந்த முறை என்பதை வைத்தியரைக் கேட்டே தீர்மானியுங்கள். மாப்பிள்ளையிடம் தாலி ஏறுமுன் சொல்லிவிடுங்கள். ஒளித்துவைத்தால் மாத்திரையையும் ஒளித்துச் சாப்பிட நேரும். ஒளித்துச் சாப்பிடுவது சீக்கிரமே சாப்பிடாமல் இருப்பதாக முடியும்.

கே: சுகப்பிரசவம், பெண் குழந்தை. பத்தியத்தில் இருக்கிறேன். இனி மாத்திரை எதற்கு? பால் கெடுமே.

ப: பால் கெடாது, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், அஸாதயோப்ரின், குறைந்த அளவு பிரட்னிசோலோன் மூன்றோடும் தாராளமாகப் பால் கொடுக்கலாம். பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில் லூபஸ் மீண்டும் தலையெடுப்பதுண்டு. குழந்தைக்கு ஊசி போடக் கிளினிக்குக்குப் போகும் நாளில் உங்கள் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு என் ஆசிகள்.