கணிப்பொறி பயிலும் கிராமத்து மாணவர்

சிதம்பரம் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். "மகன் கல்லூரியில் மென்பொருள் படிக்கிறான். விடுமுறையிலும் கணிப்பொறியை விட்டு எழுவதில்லை. அப்படி என்ன வேலைதான் செய்கிறான், ஐயா?" என்று கேட்டார். அவருக்குக் கூறிய விடையையே இங்கு எழுதுகிறேன்.

வீராணம் ஏரியை எடுத்துக்கொள்வோம். அதன் முழு நீர்மட்டம் 47.50 அடி. மட்டம் இவ்வளவு இருந்தால் இன்ன மதகைத் திறக்கலாம், மழை வலுத்தால் இன்னதை அடைக்க வேண்டும் என்பன லஸ்கருக்கு மனப்பாடம். இம்முறைகளை ஒன்றுவிடாமல் வரிசைப்படுத்திக் கணிப்பொறி ஏற்கும் மொழியில் எழுதினால் அது நிரல். நிரல்களின் தொகுதியே மென்பொருள். நாம் சொல்லாமல் விட்டதை லஸ்கர் அனுபவத்தால் உணர்ந்துகொள்வார். கணிப்பொறியோ எழுதியதை மட்டுமே செய்யும். ஆதலின், எழுதுவதைவிட, விட்டுப்போனதைத் தேடித் திருத்துவதிலேயே மாணவரின் பொழுது பெரிதும் கழிகிறது. இரவில் விளக்கெரிவது இதனால்தான். (சில நாள் விளையாட்டும் இருக்கலாம், மறுக்கவில்லை.)

இக்கல்வி ஊருக்கு அயலானதென்று எண்ண வேண்டாம். கடலூருக்கு வடக்கே, புதுச்சேரிப் பகுதியிலுள்ள நல்லவாடு மீனவர் கிராமம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அப்பகுதிக் கிராமங்களில் கணிப்பொறியுடன் கூடிய தகவல் மையங்களை அமைத்தது. நல்லவாட்டிலும் ஒன்று இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் முழங்கினர். மக்கள் கரையைவிட்டு ஓடித் தப்பினர். அன்று கடலூர் மாவட்டத்தில் மாண்டவர் 600க்கு மேல். செய்தி உரிய வேளையில் உரியவர் காதில் விழ வேண்டும். அதற்கு வழி அமைப்பதும் மென்பொருள் கற்பவரின் தொழிலே.

உறுப்பினரின் அடுத்த கவலை பணம். வெளியூர்தான் போக வேண்டுமென்பதில்லை; அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1945 முதலே பொறியியல் கற்பிக்கப்படுகிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்புவரை பயின்றோர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2021இல் இயற்றப்பட்டது. அவ்விடங்களில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்குமென்றும் அவ்வாண்டில் அறிவிக்கப்பட்டது. இதனை விசாரியாது நிலத்தை அடகு வைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ஊராட்சி உறுப்பினர்கள் மாணவர் சேர்க்கைக் காலத்திற்கு முன்பே கிராம சபையில் இதை எடுத்துரைத்தல் நலம்.

பையனை மூன்று நாள் ஊர் வாய்க்காலுக்கு அனுப்பி, நீர்முறை எவ்வாறு நடக்கிறதெனக் குறித்துவரச் சொல்லுமாறு அவரிடம் கூறினேன். இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டானாம்: "அப்பா, கடைமடைக்கு இரவில்தான் தண்ணீர் ஏறுகிறது. நான் பகலுக்கு மட்டுமே கணக்கு எழுதியிருக்கிறேன்!"