காட்டுக்குள் வாத்தியார் வேலை

கேள்வி: அமெரிக்காவில் விலங்கியல் முடித்த என் மகள், ஓரிகன் காட்டு முகாமில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறாளாம். இது உருப்படியான வேலையா?

பதில்: உருப்படியானதுதான், அம்மா. அங்கே ‘அவுட்டோர் ஸ்கூல்’ என்று சொல்லும் இந்த முகாம் வெறும் சுற்றுலா இல்லை. 2016-இல் ஓரிகன் மாநில மக்களே வாக்களித்து லாட்டரி வருமானத்தில் அதற்குப் பங்கு ஒதுக்க வைத்தார்கள். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சில நாள் தங்கி மண், நீர், செடி, விலங்கு என்று நேரில் பார்த்துப் படிப்பார்கள். பகலில் ஓடையில் பூச்சி தேடலாம். இரவில் வீட்டு நினைப்பில் அழும் பிள்ளையைத் தேற்றவேண்டியும் வரும். எனக்கென்னவோ இரண்டாவதுதான் கஷ்டமான வேலை. (மழை வேறு!) ஆனால், இந்த வேலை பெரும்பாலும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான். மற்ற மாதங்களில் என்ன செய்வாள், மருத்துவக் காப்பீடு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.