ஏரி காத்த ஊர் உத்திரமேரூர்

தொண்டை நாட்டின் தொன்மையான ஊர்களுள் ஒன்று உத்திரமேரூர். காஞ்சிபுரத்திற்குத் தெற்கே, நெல் விளையும் வயல்கள் சூழ அமைந்துள்ள இச்சிற்றூர், பல்லவர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக விளங்கியது. இங்குள்ள சுந்தரவரதப் பெருமாள் கோயிலில் நின்ற, இருந்த, கிடந்த திருக்கோலங்களில் மூன்று தளங்களில் பெருமாள் எழுந்தருளியுள்ளார்.

பேராறு எதுவும் கரையோரம் பாயாத இவ்வூருக்கு ஏரியே உயிர்நாடி. பல்லவர் காலத்து வைரமேக தடாகம் மழைநீரைத் தேக்கி வயல்களுக்கு வழங்கியது. ஏரியில் ஆண்டுதோறும் வண்டல் படியும். தூர் வாராவிடில் நீர் குறையும், விளைச்சல் குன்றும், கோயில் நிவந்தங்களும் தடைப்படும். ஆதலின் தூர் அகற்றுவதற்கென்றே கொடைகள் அளிக்கப்பெற்றதை இவ்வூர்க் கல்வெட்டுகள் கூறுகின்றன.

பொதுச்சொத்தைக் காப்பவர் எத்தகையவராக இருத்தல் வேண்டும்? இவ்வினாவிற்கு விடையாக அமைந்தவையே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தக சோழனின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். மறைத்து மாற்ற இடமில்லை. இவ்வாறு தேர்ந்தோருள் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமைந்தனர். பதவிக்காலம் 360 நாள்கள்.

35 வயதிற்கு மேற்பட்டு 70 வயதிற்கு உட்பட்டிருத்தல், சொந்த நிலமும் மனையும் உடைமை, மறையறிவு ஆகியன தகுதிகள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை.

இம்முறையில் பெண்களுக்கோ நிலமற்ற உழவர்களுக்கோ இடம் இருக்கவில்லை. வயலில் உழைத்தோர் பலர் குடத்திற்கு வெளியே நின்றனர். அக்குறை இன்று நீங்கியுள்ளது. பேரூராட்சியாக விளங்கும் இவ்வூரில் வயதுவந்த அனைவரும் வாக்களிக்கின்றனர். ஆயினும் பொதுப்பொருளுக்குக் கணக்குக் காட்டுதல் கடமை என்னும் நெறி என்றும் மாறாதது.

உத்திரமேரூருக்கு வரும் அன்பர்கள் பெருமாளைச் சேவித்தபின், கல்வெட்டுச் சுவரையும் கண்டு செல்லுதல் நலம். கோயிலும் குளமும் ஏரியும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. அவற்றைக் குறைவின்றி அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பதும் இறைபணியே ஆகும்.