கம்பியின்றி இயங்கும் நுண் வைத்தியக் கருவிகள்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கும் வாழைக்கும் நீர் இறைக்கும் பம்பு செட்டை அறியாத விவசாயி இல்லை. பழுது பார்க்க அதன் மோட்டாரைப் பிரித்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பர். மின்கம்பி வெளிச் சுருளோடு நின்றுவிடுகிறது. உள்ளே சுழலும் ரோட்டருக்கு எந்தக் கம்பியும் செல்வதில்லை. மும்முனை மின்சாரம் சுருளில் பாய்ந்ததும் அங்கே சுழலும் காந்தப் புலம் உண்டாகி, ரோட்டரைத் தன்னோடு இழுத்துச் சுழற்றுகிறது. கம்பி தொடாத பொருளையும் இயக்கலாம் என்னும் இவ்வுண்மையே வைத்தியத் துறையிலும் புதிய முயற்சிகளுக்கு வழிகாட்டியுள்ளது.

இதன் அவசியம் யாது? இதயத் துடிப்பைச் சீராக்க மார்பில் பொருத்தப்படும் பேஸ்மேக்கரின் மின்கலம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். மாற்றுவதற்கு மீண்டும் அறுவை சிகிச்சை வேண்டும். மின்கலமே இல்லையெனில் கருவியை மிகச் சிறிதாக்கலாம் அன்றோ? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏடா பூன் அம்மையாரின் குழுவினர் 2012-ல் இத்தகைய சோதனைக் கருவி ஒன்றை அறிவித்தனர். 3 மி.மீ. அகலமும் 4 மி.மீ. நீளமும் கொண்ட அது, வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளால் சக்தி பெற்று, காந்தப் புலத்தின் துணையுடன் திரவத்தில் விநாடிக்கு ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் நகர்ந்தது.

நம் நாடும் பின்தங்கவில்லை. பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அம்பரீஷ் கோஷ் குழுவினர், கண்ணுக்குப் புலனாகாத திருகு வடிவத் துகள்களைச் சிலிக்காவால் செய்து இரும்புப் பூச்சிட்டனர். வெளியே காந்தப் புலம் சுழல, துகளும் உடன் சுழன்று, மரத்தில் திருகாணி இறங்குவதுபோல முன்னேறுகிறது. பல்லின் நுண்குழாய்களில் ஒளிந்துள்ள கிருமிகளை இவை 2 மி.மீ. ஆழம் வரை சென்று வெப்பத்தால் கொல்லக்கூடும் என 2022-ல் தெரிவித்தனர். இது பிடுங்கிய பற்களில் செய்த சோதனையாகும்.

ஆகவே இவை நம்பிக்கைக்குரிய ஆராய்ச்சிகளே. ஆஸ்பத்திரியில் கேட்டுப் பெறும் வழக்கமான சிகிச்சைகள் அல்ல. விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி, சகல நோயும் தீரும் எனக் காந்தப் பட்டை விற்போரிடம் பணத்தை இழக்கலாகாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர் வலுவான காந்தத்தை மார்பருகே கொண்டுசெல்வது ஆபத்து. அக்கருவியின் இயக்கம் மாறக்கூடும். உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக. நெஞ்சுவலி கண்டவரைத் தாமதமின்றி க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்குச் சேர்ப்பிப்பதே இன்று நம் கையிலுள்ள உறுதியான உதவியாகும்.